பெரட்டுக் களத்தில் சொன்ன பதில்

கோவிந்து,

சிங்கப்பூரில் இருந்த இந்தியப் பட்டாளத்துக்காரர்கள் தங்கள் துரைமார் மேலேயே துப்பாக்கியைத் திருப்பினார்களே, அந்த வருஷம். அதற்குச் சில மாதம் முன்னால்தான் ஜெர்மன்காரன் கப்பல் ஒன்று மெட்ராஸ் மேல் குண்டு போட்டுவிட்டு, பினாங்குத் துறைமுகத்துக்குள்ளும் புகுந்து இன்னொரு கப்பலை மூழ்கடித்துவிட்டுப் போனது. இப்போது நீ சைக்கிளில் கடக்கிற பாலம் அப்போது கிடையாது. ரயில் ஜொகூர் பாருவோடு நின்றுவிடும், அதற்கு அப்பால் சிங்கப்பூருக்குப் படகுதான். கலகம் செய்த சிப்பாய்களில் சிலர் அந்தத் தண்ணீரைத் தாண்டி நம் பக்கம் ஓடிவந்துவிட்டார்கள் என்று போலீஸ் எஸ்டேட் எஸ்டேட்டாக நுழைந்து, நாம் குடியிருக்கிற லயத்துக் கதவுகளைத் தட்டிக்கொண்டிருந்தது. பிடிபட்டவர்களில் பல பேரைச் சிறைச்சுவர் ஓரமாக நிறுத்தி, ஊர் ஜனம் பார்க்கச் சுட்டார்கள். அந்த வருஷத்தில்தான் உன் சித்தப்பா முனியன் கப்பலுக்குப் போனான். வருஷத்தின் எண் எனக்குத் தெரியாது. வாத்தியார் கணக்குப் போட்டு, இருபத்திரண்டு வருஷம் ஆகிறது என்கிறார்.

எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரிந்ததுதான். நான் சொல்லச் சொல்ல வாத்தியார் எழுதுகிறார். என் பேச்சை ஆங்காங்கே திருத்தி நல்ல தமிழாக ஆக்கிவிடுகிறார், அதற்கு நான் பொறுப்பில்லை. ஆனால் எதையும் விட்டுவிட வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். உன் கடிதத்தை அவர் மூன்று தடவை படித்துக் காட்டினார். நேவியில் சேரப் போகிறேன், இருபத்தொரு வயது ஆகாதவர்களுக்கு அப்பன் கைநாட்டு வேண்டும், உள்ளே வைத்திருக்கிற தாளில் பெருவிரலை வைத்து அனுப்புங்கள் என்று எழுதியிருக்கிறாய். தாள் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. இன்னும் விரல் வைக்கவில்லை.

நீ எழுதியதெல்லாம் நியாயமாகத்தான் இருக்கிறது. சிங்கப்பூர்க் கப்பல் தளத்தில் துரு சுரண்டிப் பெயின்ட் அடித்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது என்று கேட்கிறாய். தளத்துச் சிறு கப்பல்களுக்கு எஞ்சின் ஆட்களாக இப்போது நம்மவர்களையும் எடுக்கிறார்கள் என்கிறாய். மூன்று வேளைச் சோறு, உடுப்பு, படுக்கை, நோய் வந்தால் டாக்டர், கையில் ஒரு தொழில். வேலையை விட்டு வந்தாலும் அந்தத் தொழில் நம்மை விட்டுப் போகாது என்று எழுதியிருந்தாய் பார், அந்த இடத்தில் வாத்தியாரே தலையை ஆட்டினார். உன்னை நாலாம் வகுப்போடு நிறுத்தி வெட்டுக் கத்தியைக் கையில் கொடுத்தவன் நான். ரப்பர் விலை விழுந்த காலத்தில் பால் வெட்ட வீட்டுக்கு இன்னொரு ஆள் இருந்தால் நம்மை ஊருக்குக் கப்பலேற்றி அனுப்ப மாட்டார்கள் என்று நினைத்தேன். அனுப்பவில்லைதான். ஆனால் உன் படிப்பு போனது. எஞ்சினைப் பற்றி நீ எழுதியிருந்ததைக் கேட்டபோது, படித்திருந்தால் இந்தப் பிள்ளை ஆபீசில் ஏடு எழுதும் கிராணி வேலைக்குப் போயிருக்குமே என்று எனக்குத் தோன்றாமல் இல்லை.

கப்பல் ஆபத்து, எஸ்டேட் பத்திரம் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு மறதி வந்துவிடவில்லை. இந்த மரங்களுக்குக் கீழே எத்தனை பேரைப் புதைத்தோம் என்று எனக்குத் தெரியும். புதுக்காடு வெட்டிய காலத்தில் காலையில் பேர் கொடுத்தவன் சாயங்காலம் இருப்பான் என்று சொல்ல முடியாது. காய்ச்சல் ஒரு பக்கம், மரம் சாய்வது ஒரு பக்கம். உன் அம்மா எந்தக் கப்பலில் போய்ச் செத்தாள்? பெருவெள்ளம் வந்த வருஷம் இதே லயத்தில், இதே கட்டிலில், இரண்டே நாள் வயிற்றுப்போக்கில் போய்விட்டாள். ஆகையால் கடலைக் காட்டி உன்னைப் பயமுறுத்த எனக்கு வாய் வரவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எஸ்டேட்டில் துரையைப் பிடிக்காவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாக மூட்டையைக் கட்டிக்கொண்டு கோத்தா திங்கி பக்கம் வேறு எஸ்டேட்டுக்குப் போய்விடலாம். நானே இரண்டு தடவை அப்படிப் போயிருக்கிறேன். கப்பலில் இருந்து எங்கே இறங்கிப் போவாய்? ஆறு மாதமோ ஆறு வருஷமோ, தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவரைக்கும் நீ அந்தத் தாளுக்குச் சொந்தம். சண்டையும் வரப்போகிறது. ஜப்பான்காரன் சீனாவுக்குள் புகுந்ததில் இருந்து செடெனாக் கடைவீதிச் சீனர் தன் கடையில் ஜப்பான் சாமான் ஒன்றும் வைப்பதில்லை. "நாளைக்கு இங்கயும் வருவான் லா, நீ பாரு" என்றார். அவர் சிரித்துக்கொண்டு சொல்கிற ஆள் இல்லை. சண்டை வந்தால் முதலில் போவது கப்பல்காரன். அதுவும் எஞ்சின் ஆள் கப்பலின் அடிவயிற்றில் இருப்பவன். மேலே இருப்பவனுக்குக் குதிக்கவாவது கடல் தெரியும்.

இப்படி ஒரு கை இந்தப் பக்கம், ஒரு கை அந்தப் பக்கம் என்று எடை போட்டுக்கொண்டே நான்கு நாள் போயிற்று. எனக்கு அலுத்துவிட்டது. நீ கடைசியில் எழுதியிருந்தாயே ஒரு வரி, அது இல்லாவிட்டால் எதையும் யோசிக்காமல் விரலை வைத்து அனுப்பியிருப்பேன். "பயப்படாதீங்க அப்பா, சித்தப்பா மாதிரி பேரை வித்துட்டு ஓடிப்போற ஆள் நான் இல்ல" என்று எழுதியிருந்தாய். வாத்தியார் அதைப் படித்தபோது மறுபடி படிக்கச் சொன்னேன். உன் மேல் தப்பில்லை. எஸ்டேட்டில் எல்லோரும் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவன் நீ. அந்தப் பேச்சை இத்தனை வருஷம் மறுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தவன் நான்.

முனியன் எனக்குப் பதினாலு வயது இளையவன். ஊரில் இருந்து அவனை நான்தான் இங்கே கூட்டிக்கொண்டு வந்தேன். வேடிக்கைக்காரன். குளுவாங் திருவிழாவுக்குப் போனவன் வலது முன்னங்கையில் தேள் பச்சை குத்திக்கொண்டு வந்தான். குத்தியவனுக்குக் கை நடுக்கமோ என்னமோ, அது தேள் மாதிரி இல்லை. லயத்தில் எல்லோரும் இறால், இறால் என்று கேலி செய்தார்கள். "இறாலுக்குக் கொடுக்கு ஏதுடா? நல்லாப் பாருங்க" என்று அவன் ஒவ்வொருத்தரிடமும் கையை நீட்டிக் காட்டுவான். அஞ்சலையை அவனுக்குக் கல்யாணம் செய்து வைத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. உன் சின்னம்மாவுக்கு அப்போது பத்தொன்பது வயது இருக்கும்.

கல்யாணத்துக்குப் பிறகுதான் அவனைக் காய்ச்சல் பிடித்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர். இடது விலாவுக்குக் கீழே கட்டி கையில் தட்டுப்படும் அளவுக்கு வீங்கிவிட்டது. மருந்து கொடுக்கிற எஸ்டேட் டிரஸர், இந்தக் காட்டில் இருந்தால் இவன் அடுத்த மழையைப் பார்க்க மாட்டான் என்று என்னிடம் சொல்லிவிட்டார். குளிர் வரும் நாட்களில் அவன் படுத்துக்கிடப்பான். விடியற்காலை பெரட்டுக் களத்தில் எல்லோரும் வரிசையில் நிற்க, கிராணி பேர் கூப்பிடுவார். பேருக்குக் குரல் வராவிட்டால் அன்றைக்கு அரிசி கிடையாது. அதனால் ஒருத்தன் படுத்துவிட்டால் அவன் பேருக்கு இன்னொருத்தன் குரல் கொடுப்பான். அவன் மரங்களை நாலு பேர் பிரித்து வெட்டிவிடுவார்கள். இது எங்களுக்குள் இருந்த வழக்கம். யாரும் யாரிடமும் கேட்பதில்லை. முனியன் பேருக்கு நான் குரல் கொடுப்பேன். ஒரு நாள் கிராணி ஏட்டில் இருந்து தலையைத் தூக்கி, "முனியன் குரல் இப்பல்லாம் அண்ணன்காரன் மாதிரியே இருக்கு" என்றார். சொல்லிவிட்டுப் பேருக்கு நேரே கோடு போட்டுக்கொண்டார். அவர் நல்ல மனுஷன்.

அந்தச் சமயத்தில்தான் ரத்தினம் வந்தான். நம் எஸ்டேட்டில் இருந்துவிட்டுச் சிங்கப்பூருக்குப் போய்த் துறைமுகத்தில் கரி சுமந்துகொண்டிருந்தவன். சண்டைக் கப்பல்களுக்குக் கரியும் தண்ணீரும் கொண்டுபோகிற கப்பல் ஒன்று நிற்கிறது, கரி தள்ள ஆள் இல்லாமல் தவிக்கிறார்கள், முனியனை ஏற்றிவிடலாம் என்றான். கடலில் கொசு கிடையாது, உப்புக்காற்றில் காய்ச்சல் போய்விடும் என்றும் சொன்னான். எனக்கு அது தெய்வமே வந்து சொன்ன மாதிரி இருந்தது. முனியனுக்கும் ஆசை. ஒரே ஒரு தடங்கல் அஞ்சலை. அவளிடம் சொன்னால் அழுவாள், அழுதால் இவன் நின்றுவிடுவான், நின்றால் செத்துவிடுவான் என்று நான்தான் முடிவு செய்தேன். ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். கஞ்சியை ஒரு தூக்கில் ஊற்றி, வாயைத் துணியால் கட்டிக் கொடுத்தாள். குலாயில் ரயில் ஏறினோம்.

சிங்கப்பூரில் துறைமுகத்தை ஒட்டி ஒரு தகரக் கொட்டகையில் டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஐம்பது, அறுபது பேர் வரிசை. அன்றைக்கு முனியனுக்குக் குளிர் வரும் நாள் என்பதை நாங்கள் இரண்டு பேருமே கணக்கில் எடுக்கவில்லை. வரிசையில் நிற்கும்போதே பல் அடிக்க ஆரம்பித்துவிட்டது.

"அண்ணே, டாக்டர் தொட்டாலே தெரிஞ்சிடும். வாங்க போயிடலாம்" என்றான்.

"நீ போயி அந்த மூட்டைங்களுக்குப் பின்னால உக்காரு. பெரட்டு மாதிரிதான்டா இதுவும். நான் குரல் கொடுக்கறேன்" என்றேன்.

இந்த இடத்தில்தான் கோவிந்து, நான் செய்தது. எஸ்டேட்டில் தினமும் செய்கிற காரியம் என்றுதான் நினைத்தேன். கிராணி கோடு போட்டுக்கொள்வது போல இவர்களும் போட்டுக்கொள்வார்கள், சாயங்காலம் வேலைக்கு ஆள் வந்தால் போதும் என்று நினைத்தேன். சட்டையைக் கழற்றி நின்றேன். டாக்டர் நெஞ்சைத் தட்டினார், விலாவுக்குக் கீழே விரலை விட்டு அழுத்தினார், பல்லைப் பார்த்தார். பக்கத்தில் ஒரு தமிழ்க் குமாஸ்தா. பேர் கேட்டான், முனியன் என்றேன். அப்பன் பேர் கேட்டான், சொன்னேன். அது ஒன்றுதான் பொய்யில்லை. பிறகு டாக்டர் என்னைத் திருப்பி நிறுத்தி இடது தோளைத் தொட்டு ஏதோ சொன்னார், குமாஸ்தா எழுதிக்கொண்டான். புதுக்காடு எரித்தபோது எரிந்த கிளை விழுந்து என் தோளில் உள்ளங்கை அகலம் தழும்பு இருக்கிறதே, அதைத்தான் எழுதினார்கள். அது ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. ஆட்களைக் கப்பலில் ஏற்றுகிற மலாய்க்கார செராங் என்னைப் பார்த்து, "குவாட் இனி ஓராங்" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொல்லிச் சிரித்தான். பலசாலி என்று என்னைச் சொல்கிறான். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சாயங்காலம் குளிர் விட்டதும் முனியன் டாக்டர் கொடுத்த சீட்டோடு படகில் ஏறிவிட்டான். யாரும் முகத்தைப் பார்க்கவில்லை. கஞ்சித் தூக்கை என்னிடம் திருப்பிக் கொடுத்தான். அவளிடம் என்ன சொல்ல என்று கேட்டேன். "தேறிட்டு வந்து நானே சொல்லிக்கறேன்" என்றான்.

நான் திரும்பி வந்தபோது அஞ்சலை குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்களா என்று கேட்டாள். கப்பலுக்குப் போயிட்டான்மா, உடம்பு தேறி வருவான் என்றேன். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, அவள் நகர்த்தவில்லை. அழவும் இல்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா. நான் வேணாம்னு சொல்லியிருக்க மாட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்துக்குப் போனாள்.

கொழும்பில் இருந்து ஒரு கடிதம் வந்தது. யாரோ எழுதிக் கொடுத்தது. கொசு இல்லை, சோறு நிறைய, குளிர் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது, கொதிகலனில் முள் எங்கே நிற்க வேண்டும் என்று பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் என்றெல்லாம் இருந்தது. ஆஹா, நாம் செய்தது சரிதான் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஏடனில் இருந்து இன்னொரு கடிதம் வந்தது. அதில் அடித்தளத்துச் சூட்டைப் பற்றி மட்டும்தான் இருந்தது. பிறகு ஒன்றும் இல்லை.

மறுவருஷம் மழை முடிந்த சமயம். ஒரு நாள் பால் நிறுத்துக்கொண்டிருந்தபோது எல்லோரும் பெரட்டுக் களத்துக்கு வர வேண்டும் என்று ஆள் அனுப்பினார்கள். ஆபீசில் வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரியும் ஒரு குமாஸ்தாவும் வந்திருக்கிறார்கள் என்றார்கள். நான் மற்றவர்களைப் போலவே இடுப்புத் துணியோடு நடந்தேன். வழியில் கிராணி எதிரே வந்தார். அவசரமாக ஆபீசில் இருந்து வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது. யாரோ ஒருவனைத் தேடுகிறவர் போல என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே, "சட்டை போட்டுட்டு வா" என்றார். நின்று சொல்லவில்லை. லயத்துக்கு ஓடிக் கொடியில் கிடந்த சட்டையை மாட்டிக்கொண்டு வந்தேன்.

ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. குமாஸ்தா காகிதத்தைப் பார்த்து உரக்கச் சொன்னான். இந்த எஸ்டேட் முனியன் பேரில் கப்பலுக்குப் போன ஆள் ஒரு துறைமுகத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் செத்துப்போனான். செத்தவன் உடம்பில் வலது முன்னங்கையில் தேளோ இறாலோ போல ஒரு பச்சை இருந்தது. ஆனால் டாக்டர் எழுதிவைத்த முனியனுக்கு இடது தோளில் நெருப்புத் தழும்பு உண்டு, பச்சை கிடையாது. ஆகவே செத்தவன் முனியன் இல்லை, யாரோ பொய்யாள். சண்டைக் காலத்தில் பொய்யாளைக் கப்பலில் ஏற்றுவது லேசான குற்றம் இல்லை. தழும்பு உள்ள அசல் முனியன் எங்கே?

தேளோ இறாலோ என்று அவன் படித்தபோதே என் தம்பி செத்துவிட்டான். நாற்பது பேர் நின்றார்கள். நாற்பது பேரும் முனியன் கையைப் பார்த்தவர்கள், என் தோளையும் தினமும் பார்த்தவர்கள். ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. நான் திறந்திருக்க வேண்டும். செத்தவன் என் தம்பிதான், வரிசையில் நின்றவன் நான்தான் என்று ஒரு வார்த்தை. எனக்கு அந்தச் சிறைச்சுவர் மட்டும்தான் கண்ணில் நின்றது. சுடப்பட்டவர்களின் பேர்கள் எல்லாம் அப்போது ஊரில் சூடு ஆறாமல் இருந்தன. உன் அம்மா வரிசையில் நின்றாள், நீ அவள் வயிற்றில் ஆறு மாதம். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நின்றது அப்படி என்று சொல்கிறேன்.

கிராணி முன்னால் வந்து, முனியன் என்கிறவன் யாரிடமோ தன் பேரை விற்றுவிட்டு எங்கோ ஓடிவிட்டான் போலிருக்கிறது, எங்களுக்குத் தெரியாது என்றார். அதிகாரி ஏதோ கேட்டார். அவன் பெண்டாட்டி இருக்கிறாளா என்று குமாஸ்தா கேட்டான். அஞ்சலை வரிசையை விட்டு ஒரு அடி முன்னால் வந்தாள்.

"உன் புருசனுக்குத் தோள்ல நெருப்புத் தழும்பு இருக்கா?"

"இருக்குங்க. இடது தோளு. உள்ளங்கை அகலம்."

"கையில பச்சை?"

"அதெல்லாம் இல்லீங்க."

என்னைப் பார்க்கவே இல்லை. குமாஸ்தா எழுதிக்கொண்டான். அதிகாரிக்கு வெயில் தாங்கவில்லை, போய்விட்டார்கள். என் தோளில் இருந்த தழும்பை எடுத்துத் தன் புருஷன் தோளில் வைத்தாள் அவள். வைத்ததும், எங்கோ ஆஸ்பத்திரியில் செத்துக்கிடந்தவன் அவளுக்கு யாரும் இல்லை என்று ஆகிவிட்டது.

அன்று சாயங்காலம் ஓடையில் தலைமுழுகிவிட்டு வந்தாள். யாராவது கேட்டிருந்தால் பால் சிந்திவிட்டது என்று சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை. உள்ளே போய்க் கண்ணாடி பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். தாலியைக் கழற்றினாலோ வெள்ளை கட்டினாலோ மறுபடி கேள்வி வரும், கேள்வி என்னிடம் வந்து நிற்கும் என்பது அவளுக்குத் தெரியும். இன்றுவரை பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறாள். ஓடிப்போனவன் பெண்டாட்டி என்று புதிதாக வந்தவர்கள் எல்லாம் அவள் காது கேட்கப் பேசினார்கள். பொய் என்று தெரிந்தவர்கள் செத்தும், ரப்பர் விலை விழுந்தபோது ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டும் ஒவ்வொருத்தராகக் குறைந்தார்கள். பொய் மட்டும் எஸ்டேட்டிலேயே தங்கிவிட்டது. நீ அதைத்தான் கேட்டு வளர்ந்தாய். சின்ன வயதில் நீயே ஒரு தரம் அவளிடம், சித்தப்பா ஏன் ஓடிட்டாரு என்று கேட்டாய். எனக்கு நினைவிருக்கிறது. "உங்கப்பாவைக் கேளு" என்றாள் அவள். நீ என்னைக் கேட்கவில்லை, விளையாடப் போய்விட்டாய். நானும் கூப்பிட்டுச் சொல்லவில்லை.

உன் அம்மா போன பிறகு உன்னைத் தூக்கி வளர்த்தவள் அவள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே அடுப்பில் சாப்பிட்டோம், அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எஸ்டேட்டில் வேலை இல்லை என்று சீட்டுக் கிழித்துவிட, அவள் கோத்தா திங்கி சீனர் தோட்டத்துக்குப் போனபோது, பஸ் நிற்கும் இடத்தில் வைத்து நான் வாயெடுத்தேன். "அஞ்சலை, அன்னிக்கிக் களத்துல" என்று ஆரம்பித்தேன். "பஸ் வந்துடுச்சி மாமா" என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டாள். பஸ் அப்போதுதான் தூரத்து வளைவில் திரும்பியது.

இதை எழுதும்போது வாத்தியார் கையை நிறுத்திவிட்டார். இது நாளைக்கு யார் கையிலாவது கிடைத்தால் உங்களுக்குத்தான் வம்பு, இதை விட்டுவிடலாமே என்றார். எழுதுங்கள் என்றேன். அறுபதைத் தாண்டியவனைச் சுவரோரம் நிறுத்துவதானால் நிறுத்தட்டும். கால் வலிக்கிறது, உட்கார ஒரு பெட்டி மட்டும் கேட்பேன்.

நேவியில் சேரலாமா வேண்டாமா என்று நீ கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கிறது என்று நினைத்துத்தான் சொல்ல ஆரம்பித்தேன். இல்லை என்று இப்போது தெரிகிறது. போகச் சொன்னால், முனியனையும் நான்தான் போகச் சொன்னேன். வேண்டாம் என்றால், இங்கே இருந்தவர்களை நான் காப்பாற்றி வைத்ததும் இல்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். டாக்டர் முன்னால் நிற்கும்போது உன் உடம்போடு, உன் பேரோடு நீயே நில். வயதைக்கூட ஒன்று கூட்டிச் சொல்லாதே. அங்கே எழுதுகிற தாள் நம் கிராணி ஏடு மாதிரி இல்லை. அது நீ செத்த பிறகும் பேசும், நீ யார் என்று அதுதான் சொல்லும்.

ஞாயிற்றுக்கிழமை உனக்கு லீவு என்று எழுதியிருக்கிறாய். பஸ் பிடித்துக் கோத்தா திங்கி போ. ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாலத்துக்குக் கீழே உள்ள தோட்டம், உனக்கு வழி தெரியும். இந்தக் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டு. முழுதும் படி, எங்கும் நிறுத்தாதே. பிறகு நேவியைப் பற்றிக் கேள். அன்றைக்கு நானும் முனியனும் ரத்தினமும் கூடிப் பேசி முடிவு செய்துவிட்டு அவளை மட்டும் கேட்கவில்லை. நம் வீட்டில் இருந்து இன்னொருத்தன் கப்பலுக்குப் போவதானால், கேட்க வேண்டிய இடம் அதுதான். போ என்று அவள் சொன்னால் எனக்கு ஒரு வரி எழுது, அன்றைக்கே விரல் வைத்துத் தபாலில் போடுகிறேன். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்காதே. ஒன்றுமே சொல்லாமல் இருந்தால் அங்கேயே உட்கார்ந்திரு, அவள் சொல்லும் வரைக்கும். பொட்டைப் பற்றியும் தாலியைப் பற்றியும் நீ ஒன்றும் பேசாதே. அது அவள் பாடு.

ரத்தினம் கரிக் கூடை சரிந்து செத்தான். கிராணி ஊருக்குப் போய் இரண்டு மாதத்தில் போய்விட்டதாகத் தகவல் வந்தது. அந்தப் போலீஸ் அதிகாரி சீமைக்குப் போகிற வழியிலேயே இறந்துவிட்டார் என்றார்கள். காகிதம் படித்த குமாஸ்தா ஜொகூர் பாருவில் கடை வைத்திருந்தான், போன வருஷம் அவனும் போனான். உன் அம்மாவைச் சொல்லிவிட்டேன். நீங்கள் இருக்கிறீர்களே அப்பா என்பாய். என்னை அதில் சேர்க்காதே, நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றவன். அந்தக் களத்தில் வாயைத் திறந்து பேசியவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது உன் சின்னம்மா அஞ்சலை ஒருத்திதான்.